கடன் மசோதாவும் காணாமல்போன எம்.எல்.ஏ.வும்

இந்தக் காலத்தில் ஆளைக் கடத்துகிறவனுக்குக்கூட வாய் திறந்து மிரட்டத் துப்பில்லை... வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டுப் போய்விடுகிறான்.

எம்.எல்.ஏ.வின் கோட்டூர்புரம் வீட்டு வாசலில் அவருடைய டிரைவர் நூர் முஹம்மது இப்படித்தான் முணுமுணுத்தார்.

நூர் போனுக்கு வந்த போட்டோவில் எம்.எல்.ஏ. லியோனார்ட். நாற்காலியோடு கட்டப்பட்டு... வாயில் பிளாஸ்திரி.

கீழே இருந்த வரியை இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா படித்துக் காட்டினார்.

"ஓட்டெடுப்பு முடிஞ்சதும் விடுவோம்னு போட்டிருக்கு. கடைசியா அவரைப் பார்த்தது நீங்கதான் பாய்."

"சிக்னல்ல எறங்கிக்கினாரு. எங்கன்னு கேக்க நான் இன்னா அவரு பொண்டாட்டியா?"

"பன்னெண்டு மணிக்கு ஓட்டெடுப்பு. அதுக்குள்ள ஆள் வரலைன்னா நீங்க உள்ள."



மாநில அரசின் கடன் வரம்பை உயர்த்தும் மசோதா. ஆளும் கட்சிக்காரர் லியோனார்டின் ஒரு ஓட்டு விழாவிட்டால் மசோதா தோற்கும்.

"எதுக்கு மேடம் இன்னும் கடனு?"

"பழைய கடனுக்கு வட்டி கட்ட."

"எங்க தெருவுல இப்டிக் கேட்டா செருப்பால அடிப்பாங்க."

சொல்லிக்கொண்டே போட்டோவை உற்றுப் பார்த்தார். லியோனார்டின் முதுகுக்குப் பின்னால்... மயில் போட்ட ஜன்னல் திரை.

"மேடம், இத்த மாட்டுனதே நான்தான். கொட்டிவாக்கத்துல கீது. அவரு தங்கச்சி ஜொவிட்டாம்மா வூடு."

ஜீப் பறந்தது.

கதவு திறந்தே கிடந்தது. சோபாவில் லியோனார்ட். மடியில் வஞ்சிரம் வறுவல். எதிரே டி.வி.யில் சட்டசபை.

"போட்டோ ஜொவிட்டாதான் எடுத்தா," என்றார், கூச்சமே இல்லாமல். "ஆதரிச்சா தொகுதியில துப்புவாங்க. எதிர்த்தா கட்சி தூக்கிடும். கடத்திட்டாங்கன்னா ரெண்டு பக்கமும் அனுதாபம்."

"களி திங்கறது மட்டும் நானா சார்?"

டி.வி. குறுக்கிட்டது.

'எதிர்க்கட்சியினர் கூண்டோடு வெளிநடப்பு... மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது...'

தலைகளை எண்ணவே இல்லை. லியோனார்டை யாரும் தேடவும் இல்லை.

அவர் வாயிலிருந்து மீன் முள் விழுந்தது.

"வாராவாரம் வெளிநடப்பு செய்யறவங்க இன்னைக்கு மட்டும் உக்காந்திருப்பாங்களா சார்?" ஸ்வர்ணலதா கைவிலங்கை எடுத்தார். "எழுந்திருங்க. கடத்தல் நாடகம் ஆடி போலீஸை அலைக்கழிச்சதுக்கு."

"நூர் பாய், நீங்களாவது நம்புங்க... எல்லாம் மக்களுக்காகத்தான்."

"ஆங்... நம்பிட்டேன்."

நூர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த தபா எவனாச்சும் நெசமாவே கடத்தணும்னா சொல்லு சார்... நானே கொண்டுபோய் வுடுறேன். பெட்ரோல் என் செலவு."