பின் இருக்கையின் இடது கதவு

கார் வாங்கிப் புது வாசனைகூட இன்னும் போகவில்லை. அதற்குள் சர்வீஸ் சென்டரின் வாட்ச்மேன் பேக்கரிக்காரனைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க சார், வாங்க" என்று சொந்தக்காரனை வரவேற்பதுபோல் சிரித்தான். பேக்கரிக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் வீட்டுக்குக்கூட அவன் இத்தனை தடவை போனதில்லை.

பின்னால் வலது பக்கம் குழந்தை சீட்டில் வாலு உட்கார்ந்திருந்தாள். அவன் மகள்தான், நிஜப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. நாள் முழுக்க வாய் ஓயாத பிள்ளை, இந்தக் காரில் ஏறினால் மட்டும் இடது பக்கக் காலி இருக்கையைப் பார்த்தபடி அடக்கமாக வருவாள். ஏசி ஒத்துக்கொள்கிறது என்று அவன் நினைத்திருந்தான்.

"இன்னைக்கு என்ன சார்?" என்றான் அட்வைசர். புகாரைக் கேட்டுக் குறித்துக்கொள்பவன், சட்டைப் பையில் பேனா குத்திய மெலிந்த ஆள்.

"டிக்கி தானா திறந்துக்குதுய்யா! ரொட்டி முழுக்க நடுரோட்டுல. பின்னாடி வந்த லாரிக்காரன் அது மேலயே ஏத்திட்டுப் போறான். என் மானமே போச்சு!"

அட்வைசர் தலையை மட்டும் ஆட்டினான். அவனும் என்ன செய்வான்? இந்த வண்டியின் கதை அவனுக்கு மனப்பாடம். முதலில் பின்பக்க இடது ஜன்னல் தானாக இறங்கியது. காரணம் பிடிபடவில்லை, ஜன்னலுக்குப் போகிற ஒயரையே கழற்றிவிட்டார்கள். அடுத்து, நிறுத்தி வைத்த வண்டியில் பின்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பல்பைப் பிடுங்கினார்கள். சிக்னலில் நின்றபோது இடது கதவு திறந்தது. குழந்தைகள் திறக்காதபடி இருக்கிற பூட்டைப் போட்டுவிட்டு, உள்பக்கக் கைப்பிடியையும் செயலிழக்க வைத்தார்கள். யாரும் இல்லாத காரிலிருந்து அலாரம் அலறியது. அதன் ஃபியூஸை உருவிவிட்டார்கள். அந்தச் சர்வீஸ் சென்டரின் வழக்கமே அதுதான். நோவு எங்கே என்று தேடமாட்டார்கள், எது சத்தம் போடுகிறதோ அதன் வாயைக் கட்டிவிடுவார்கள். பேக்கரிக்காரனுக்கும் அது போதுமானதாக இருந்தது. கத்தினால் காரியம் நடக்கிறது என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

அன்றும் அப்படியே நடந்தது. டிக்கியை உள்ளிருந்து திறக்கிற பிடியை வெட்டி எடுத்து, பூட்டை மாற்றிக் கொடுத்தார்கள். சாவியைத் தரும்போது அட்வைசர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"சார், பாப்பாவைப் பின்னாடி தனியா விட வேண்டாமே."

"ஏன்?"

"சும்மாதான் சார். இந்த வண்டி உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நாள் எங்க யார்டுல பூட்டிக் கிடந்தது. வெயில் நாள் வேற..." அதற்குமேல் சொல்லாமல் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துப் போய்விட்டான்.

பேக்கரிக்காரனுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. மனைவிக்கு மத்தியானத்தோடு டியூட்டி முடியும், மருத்துவமனையில் நர்ஸ். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடவேண்டும் என்பதுதான் அவன் கவலை.

மருத்துவமனையின் கார் நிறுத்தம் தரைக்கு அடியில் இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, சரிவில் இறங்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதிக் குழல் விளக்குகள் செத்துக் கிடந்தன. ஈரச் சிமென்ட் வாடை, பழைய எண்ணெய் வாடை, எங்கோ குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். தூண் ஓரமாக வண்டியை நிறுத்தினான். வாலு தூங்கிப்போயிருந்தாள். எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, போனை எடுத்தான். சிக்னல் இல்லை. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுச் சரிவு வரை நடந்தான். அங்கிருந்து பார்த்தால் கார் தெரியும், பயமில்லை.

"ஏம்மா, கீழ வந்துட்டோம். டிக்கியும் சரி பண்ணியாச்சு. இனிமே ஒரு தொல்லையும் இல்ல" என்றான். வெட்டியது, பிடுங்கியது, கழற்றியது எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை சொல்லி முடித்தான்.

மறுமுனையில் அவள் அதையே ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஏங்க..." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஜன்னலை இறக்கறது, லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கறது, கதவைத் தள்றது, சத்தம் போடறது, கடைசியில டிக்கி வழியா... காருக்குள்ள மாட்டிக்கிட்ட ஆளு வேற என்னங்க செய்வாங்க?"

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நாம ஒவ்வொரு வழியா அடைச்சுட்டோம். பாப்பா எங்கங்க?"

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

அவன் ஓடினான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். சாவி உள்ளே இருந்தது. அவன் கண்ணெதிரே எஞ்சின் இருமலுடன் நின்றது. ஏசியின் முனகலும் நின்றது.

"வாலு! கண்ணு! எந்திரிடா!"

உள்ளே கண்ணாடியெல்லாம் மூச்சு பட்டதுபோல் பனித்துக்கொண்டு வந்தது. மகள் பக்கத்திலிருந்து அல்ல.

இடது பக்கத்திலிருந்து.

பனிப்புக்கு நடுவே மகளின் முகம் மங்கலாகத் தெரிந்தது. விழித்திருந்தாள். நெற்றி வியர்த்து முடி ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். அவனைப் பார்க்கவே இல்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கண்ணாடியை முழங்கையால் இடித்தான். ஐயோ ஐயோ என்று தன் வாயே கத்துவது யாரோ கத்துவதுபோல் கேட்டது. ஜன்னல் ஒயரைக் கழற்றச் சொன்னவன் அவன். கைப்பிடியை எடுக்கச் சொன்னவன் அவன். தன் பிள்ளை வெளியே வர ஒரு ஓட்டையைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. தூணில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கினான். மகள்மேல் சில்லு தெறிக்கக்கூடாதென்று இடது பக்கம் சுற்றிப் போய், பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கி அடித்தான்.

கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

உள்ளிருந்து புழுங்கிய காற்று அவன் முகத்தில் அடித்தது. பல நாள் மூடிக் கிடந்த அறையின் வாடை. பாதி உடம்பை உள்ளே நுழைத்து மகளை நோக்கிக் கையை நீட்டினான்.

"இருங்கப்பா" என்றாள் வாலு, ரகசியமாக. "அக்கா முதல்ல இறங்கட்டும்."

அவன் தோளை உரசிக்கொண்டு ஏதோ வெளியே போனது.

மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவன் மகளைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் மகளின் நாடியைப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், தண்ணீர் புகட்டினாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஓவென்று அழுதாள். அந்தக் காரை இனி தொடமாட்டேன் என்றான் அவன். ஒரு டாக்சியைப் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் சர்வீஸ் சென்டரிலிருந்து அட்வைசர் கூப்பிட்டான். அவன் சொன்னபடி முந்தின நாள் சாயங்காலமே வண்டியை எடுத்து வந்து முழுக்கப் பார்த்துவிட்டார்களாம். கழற்றியதையெல்லாம் மாட்டியும் ஆயிற்றாம்.

"ஒரு குறையும் இல்ல சார். உள்ள அந்தப் புழுங்கின வாடைகூட இல்ல. சும்மா பூ மாதிரி ஓடுது" என்றான், தானே நம்பாதவன்போல்.

பேக்கரிக்காரனுக்கு அப்பாடா என்று இருந்தது. போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

இரவு தாழ்ப்பாள் போட்டது அவன்தான். சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, அலமாரி, குளிர்ப்பெட்டி, வீட்டில் மூடி இருக்கக்கூடிய அத்தனையும் அகலத் திறந்து கிடந்தன. மனைவி கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் படுக்கை காலி.

செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

தெருமுனையில், பெரிய சாலையின் ஓரத்தில் வாலு நின்றுகொண்டிருந்தாள். லாரிகள் அவளை ஒட்டி இரைந்துகொண்டு போயின. இடது கையை மட்டும் தூக்கி நீட்டியிருந்தாள், பெரியவர்கள் பிடித்துக்கொண்டால் குழந்தைகள் நீட்டுவார்களே, அதுபோல.

"அக்காவுக்கு வீட்டுக்குப் போகணுமாம்பா" என்றாள். "தனியா போகப் பயமா இருக்காம். என்னையும் கூப்பிடறாங்க."

அவன் பாய்ந்து அவளை இடுப்போடு வாரி எடுத்துத் தன் பக்கம் இழுத்தான்.

மகள் வந்தாள். நீட்டிய கை மட்டும் வரவில்லை, அந்தப் பக்கம் யாரோ இறுகப் பிடித்திருந்ததுபோல்.