நாலு மணிக்குக் கேட்ட குரல்

மாலை நான்கு மணிக்கு மாடியில் தையல் மெஷினின் பெல்ட் அறுந்தது. தையல்காரர் அலுத்துக்கொண்டே குனிந்து அதைக் கையில் எடுத்தபோது, கீழ்வீட்டு ஜன்னல் வழியாக வக்கீலின் குரல் கேட்டது. இரண்டே வார்த்தைகள். என்னவென்று பிடிபடவில்லை. கூப்பிடுகிறாரோ என்று நினைத்து, அவசரத்துக்கென்று தன்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியோடு படியிறங்கினார்.

வக்கீல் தலையணைகளில் சாய்ந்தபடி இருந்தார். எதிரே கம்ப்யூட்டர் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. தையல்காரர் அவர் கையைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

பொழுது சாய்வதற்குள் போலீஸ் டாக்டர் வந்து பார்த்துவிட்டார். தொண்டைக் குழாயில் சளி அடைத்து மூச்சு நின்றிருக்கிறது; உயிர் போனது பகல் ஒரு மணி வாக்கில்; எப்படிப் பார்த்தாலும் இரண்டைத் தாண்டாது என்றார்.

நான்கு மணிக்குப் பேசியது யார்?

கேள்வி அந்தப் பகுதி இன்ஸ்பெக்டரின் தலையில் விழுந்தது. ஒல்லியான, உயரமான பெண்மணி. ஒருவரைப் பேசவிட்டு அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதால், ஸ்டேஷனில் அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் கொக்கு. அது அவருக்கும் தெரியும்.

வக்கீலின் கதையை மகன் சொன்னார். ஒரு காலத்தில் கோர்ட்டையே நடுங்க வைத்த வாய் அது. பதிமூன்று மாதங்களுக்கு முன்பு மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததில் கை, கால், நாக்கு எல்லாம் போய்விட்டன. அசைந்தவை கண்கள் இரண்டும்தான். எட்டு மாதம் அப்படியே கிடந்தார். அதன் பிறகு மகன் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். எழுத்தைப் பார்த்தால் எழுத்து விழும். எழுதி முடித்தால் அது வாய்விட்டுப் படிக்கும். மூலையில் இருக்கும் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் மனைவியின் போனும் தையல்காரரின் போனும் ஒன்றாக அலறும்.

அன்று இரண்டு போன்களும் அலறவில்லை.

"அப்பா கூப்பிடவே இல்ல மேடம். ஒரு பார்வை போதும். அதைக்கூட அவர் பார்க்கல."

போதும் என்று அப்பாவே முடிவெடுத்துவிட்டார் என மகன் நம்பத் தொடங்கியிருந்தார். அம்மாவும் தலையாட்டினாள். சலவைக்கடையில் மத்தியானம் முழுக்க நின்று சிவந்த கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னாள்:

"மெஷின் எதிர்லயேதான் இருந்துச்சு. இனிமே வேணாம்னு தோணியிருக்கும்."

சப் இன்ஸ்பெக்டருக்குத் தையல்காரர் மீதுதான் சந்தேகம். ஆள் எதையோ மறைக்க மணியை மாற்றிச் சொல்கிறான் என்றார். இன்ஸ்பெக்டர் மாடிக்கே போய் விசாரித்தார்.

"மணி நாலுன்னு எப்படித் தெரியும்?"

"நாலு மணிக்குச் சட்டை வாங்க ஆள் வர்றதா இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துட்டேதான் தைச்சேன்."

"டிவி சத்தமா இருக்கலாமே?"

"அஞ்சு மாசமா கேக்கறேன் மேடம். ஏத்த இறக்கமே இல்லாத குரல் அது. மெஷின் ஓடிட்டு இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்காது. பெல்ட் அறுந்ததால கேட்டுச்சு. என் நேரம், வேற என்ன சொல்ல."

பொய் சொல்கிறவன் தனக்கு இவ்வளவு வம்பு தரும் பொய்யைச் சொல்ல மாட்டான். இன்ஸ்பெக்டர் கீழே வந்து வக்கீலின் அறையில், திரைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகனிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தபோது திரை தானாக அணைந்தது. எழுந்து எதிரே போய் நின்றார். உடனே எரிந்தது.

"பத்து நிமிஷம் எந்தக் கண்ணும் படலைன்னா அணைஞ்சிடும் மேடம். பார்த்தா திரும்ப வந்துடும். இது தூக்கம் இல்ல, சும்மா கண்ணை மூடிக்கிற மாதிரி. நிஜமாத் தூங்க வைக்கிறது ராத்திரி மட்டும்தான். வெளிச்சம் அப்பா முகத்துல அடிக்குமில்ல? படுக்கறப்ப அம்மா தூங்க வெச்சிடுவாங்க. காலையில ஆறு மணிக்குத் தானா எழுந்துக்கும். நேரம் குறிச்சு வைக்கிறதும் அவங்கதான், நான் சொல்லிக் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மணிக்குச் செத்த மனிதனின் கண் இதை எழுப்பியிருக்க முடியாது. வீடு பூட்டியிருந்தது. ஆனாலும் தையல்காரர் அதன் எதிரே வருவதற்கு முன்பே திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை நர்ஸை வரவழைத்தார்கள். ஏழு மணிக்கு வந்து, குளிப்பாட்டி, குழாய் வழியாகக் கஞ்சி செலுத்திவிட்டுப் பதினொன்றுக்குக் கிளம்பிவிடும் பெண். வக்கீலின் மனைவி பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போவாள். போகும் முன் சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டுத் தொண்டையைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது வழக்கம். நாலரைக்குத் திரும்புவாள். மகன் ஆபீஸ் விட்டு ஐந்து மணிக்கு வருவார்.

"நேத்து நீங்க போறப்ப கம்ப்யூட்டர் தூங்கிட்டு இருந்துச்சா?"

"தூங்கறதா? அது எங்கே மேடம் தூங்குது? நான் வர்றதுல இருந்து போற வரைக்கும் பேச்சுதான்."

"என்ன பேசுவார்?"

நர்ஸ் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அடிக்கடி சொல்லவேண்டியதை எல்லாம் ஒரே பார்வையில் சொல்ல, வக்கீல் தனித்தனிக் கட்டங்களில் எழுதி வைத்திருந்தாராம்.

"தண்ணிக்கு ஒரு கட்டம், சளிக்கு ஒரு கட்டம். அம்மாவைத் திட்ட ஆறு கட்டம். எனக்கும் ஒண்ணு வெச்சிருந்தார். நான் சம்பளத்துக்கு வர்றவ, காதுல போட்டுக்க மாட்டேன். அவங்க எங்கே போவாங்க? பையன் வந்துட்டா மட்டும் அந்தப் பக்கத்தையே திறக்க மாட்டார். ரொம்ப தங்கமாப் பேசுவார்."

அவளை அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் மகனையும் அம்மாவையும் அறைக்கு அழைத்தார். தையல்காரரை மாடியிலேயே நிற்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"தூக்கத்துக்கு நேரம் குறிக்கிற இடத்தைத் திறங்க" என்றார் மகனிடம்.

மகன் திறந்தார். கடைசியாகக் குறித்த நேரம் அங்கே அப்படியே நின்றது. காலை ஆறு என்று இருக்கவேண்டிய இடத்தில் மாலை நான்கு. அவருடைய கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"இப்ப ரெண்டு நிமிஷத்துல எழுந்துக்கிற மாதிரி வெச்சுட்டுத் தூங்க வைங்க."

திரை கறுத்தது. மூன்று பேரும் எதிரே நின்று பார்த்தும் அது எரியவில்லை. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. திரை வெளுத்தது. ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது:

"எழுந்துட்டேன். கூப்பிடலாம்."

மாடியிலிருந்து தையல்காரர் படபடவென்று இறங்கி வந்தார். அதேதான், அதே ரெண்டு வார்த்தைதான் என்றார். இன்ஸ்பெக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"இதை நான்தான் பதிவு பண்ணி வெச்சேன்" என்றார் மகன். "காலையில அம்மா சமையல்கட்டுல இருந்தாலும், அப்பா பேசத் தயாரா இருக்கார்னு தெரியணும்னு."

"நேத்து மத்தியானம் யாரோ இதைத் தூங்க வெச்சிருக்காங்க. அது தூங்கினா கண்ணைப் பார்க்கிற கேமராவும் தூங்கும், சிவப்புக் கட்டமும் இல்ல. அவர் கூப்பிடாம இல்ல தம்பி. கூப்பிட வழியில்லாமப் போச்சு. நாலு மணிக்கு அதுவா எழுந்தா, பத்து நிமிஷத்துல திரை எப்பவும் போல அணைஞ்சிருக்கும். நீங்க வந்து பார்க்கறப்ப, பார்த்த உடனே எரியும். மெஷின் முழிச்சுட்டுத்தான் இருந்திருக்கு, இவர்தான் கூப்பிடலைன்னு தோணும். எல்லாம் சரியாத்தான் திட்டம் போட்டிருக்கு. அது பேசும்ங்கிறதை மட்டும் மறந்தாச்சு."

மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மெஷினைத் தொடறவங்க மூணு பேர். நர்ஸுக்கு இது தூங்கும்னே தெரியாது. நீங்க அந்த வார்த்தையை வெச்சவர்; நீங்க செஞ்சிருந்தா முதல்ல அதை அடக்கியிருப்பீங்க. மிச்சம் ஒருத்தர்தான். தினமும் விடிஞ்சதும் இதைக் கேக்கறவங்க. கேட்டுக் கேட்டு, இப்படி ஒரு சத்தம் வருதுங்கிறதே காதுல விழாமப் போனவங்க." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "சரிதானேம்மா?"

வக்கீலின் மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. கலைந்து கிடந்த விரிப்பை இழுத்து, சலவைக்கடை வழக்கப்படி ஓரத்தோடு ஓரம் சேர்த்து நீவினாள்.

"ஏம்மா?" என்று மகன் கேட்டார்.

"நீ ஆசையாத்தான் வாங்கிக் குடுத்தே. உன்னைக் குறை சொல்லல." அவள் நிமிர்ந்தாள். "அவர் வாய் போன எட்டு மாசம் நான் மூணு வேளையும் நல்லா சாப்பிட்டேன்டா. தூங்கினேன். இருபத்தெட்டு வருஷத்துல அவ்வளவுதான் எனக்குக் கிடைச்சது. அதுக்கப்புறம் நீ அதைத் தூக்கிட்டு வந்தே. முதல் நாள் உன்னை ‘கண்ணே’ன்னார். நீ அழுதுட்டே கிளம்பிப் போனே. கதவு சாத்தின உடனே என்னை என்ன சொன்னார்னு கேக்காதே."

நேற்று சளி எடுத்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எடுக்கவில்லை, வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். ராத்திரிக்கு இப்போதே நேரம் குறித்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரேதான் எல்லாவற்றையும் செய்தாளாம்.

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். நான் தப்பா அமுக்கறேன்னு நினைச்சுட்டார். ‘அது சாயங்காலம்டி, எருமை. காலை ஆறுன்னு மாத்து.’ ஒவ்வொரு எழுத்தாப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டு முடிச்சுட்டுத்தான் அணைச்சேன்."

"அப்புறம்?"

"அப்பதான் அவருக்குப் புரிஞ்சுது. கண்ணு ரெண்டும் அலைஞ்சுது. எங்கே பார்த்தாலும் எழுத்து இல்ல."

மகன் வெளியே போய்விட்டார். வாசலில் அவர் குமட்டும் சத்தம் கேட்டது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவனுக்கு வயிற்றைப் புரட்டினால் எலுமிச்சம்பழம் கொடுக்க வேண்டும், அடுக்களையில் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் பல வருடங்களாக எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கிளம்பும் நேரத்தில் அவர் எதையும் கேட்பதில்லை. இன்று கேட்டார்.

"நேத்து கடைக்குப் போற வழியில ஒரு தடவைகூடத் திரும்பி வரணும்னு தோணலையா?"

"ரெண்டு தடவை தோணுச்சு. தெருமுனையில ஒரு தடவை, கடை வாசல்ல ஒரு தடவை." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "திரும்பிப் போய் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டா முதல்ல என்ன சொல்வார்னு நினைச்சேன். கடைக்குள்ள போயிட்டேன்."