அக்கா இல்லாத அடுப்படி

காலையில் படத்தில் அக்காவை மறைத்துப் பூசிய சாம்பல் நிறம் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. வெயில் படாத மூலை அது. ஓவியர் விரலை முகர்ந்தார். எண்ணெய் வாடைக்கு அடியில் வேர்வை நாறியது.

மூன்று வாரம் அவள் வீட்டு அடுப்படியில் மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறையாக உட்கார்ந்து வரைந்த படம். கரி ஏறிய சுவர், நசுங்கிய பாத்திரங்கள், கந்தல் சுற்றியும் ஒழுகும் குழாய், நடுவில் குனிந்து வெங்காயம் நறுக்கும் அக்கா. இருபது வருடமாக அங்கேயே குனிந்து கிடக்கும், பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

"என்னையாடா வரையறே? இரு, நல்ல துணி மாத்திட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம். அழுக்கா இருந்தாத்தான் விக்கும்."

அதற்கும் சிரித்தாள். வேறென்ன தெரியும் அவளுக்கு?

படத்தை வாங்க வந்த வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். "அடுப்படி பிரமாதம். அந்தப் பொம்பளதான் உறுத்துது. எடுத்துடுங்களேன்."

ஓவியருக்கும் அதுவே சரியென்று பட்டது. ஏழெட்டுத் தீற்றல். அக்கா சுவராகிப் போனாள்.

இப்போது, பட்டப்பகலில், ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்த அறையில், படத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது: முகத்தில் ஈரத்துணியை அழுத்தினால் உள்ளே இழுபடும் மூச்சு மாதிரி, நின்று நின்று, ஒவ்வொரு முறையும் இன்னும் மெல்ல.

போன் அடித்தது. அக்கா புருஷன். அந்த வாயில்லாப் பூச்சி.

"மாப்ள, உங்கக்கா அங்க வந்தாளா?"

"இங்க எதுக்கு வரப்போறா? கடைக்குப் போயிருப்பா, மாமா."

"செருப்பு இங்கதான் கெடக்கு. காலைல வெங்காயம் நறுக்கிட்டு இருந்தா. பாதி வெங்காயம் அப்படியே கெடக்கு, ஆளக் காணோம். பின்னால சுவரு வேற ஈரமா, இப்பத்தான் பெயிண்ட் அடிச்ச மாதிரி..."

ஓவியர் போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்தார். சாயம் சுரண்டும் கத்தியை எடுத்தார். சாம்பல் நிறம் சுருளாக உரிந்தது. ஒரு சுருள். இன்னொன்று.

கத்தி மெத்தென்று எதிலோ இறங்கியது.

போனுக்குள் மாமா அலறினார். "மாப்ள! சுவத்துல ரத்தம்!"

கத்தி கீழே விழுந்தது. கீறலிலிருந்து சிவப்பு வழிந்தது. அந்தப் படத்துக்கு அவர் சிவப்பைத் தொட்டதே இல்லை.

"அக்கா?"

ஈரச் சாயம் கையகலத்துக்குப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

நடுவில் விரிசல் விட்டு ஒரு வாய் திறந்தது. பல்லிடுக்கிலிருந்து தொண்டைவரை சாம்பல் நிறம்.