குறையாத இனிப்பு

மூன்றாவது குவளை வெந்நீருக்கும் எண் இறங்கவில்லை. குழாய்க்கு அடியில் வைத்த குழலில், சாற்றில் மிதந்து இனிப்பை அளக்கும் கண்ணாடி அளவுகோல் ஆயிரத்து அறுபத்திரண்டிலேயே நின்றது. மிர்த்தா அதைச் சுண்டிவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் அறுபத்திரண்டு. தொட்டியிலுள்ள வாற்கோதுமை மேல் வெந்நீர் ஊற்ற ஊற்ற, கீழே குழாயில் வடியும் சாறு நீர்த்துப் போகும், எண் இறங்கும். இருபது வருடமாக இந்தக் கார் கொட்டகையில் புருஷன் பீர் காய்ச்சும் ஞாயிறுகளில் அவள் பார்த்துச் சலித்த சங்கதி அது.

"என்ன, எண்ணைப் படிக்க மறந்துபோச்சா?" என்றான் ஓஸ்வால்டோ.

"அறுபத்திரண்டு."

"போன தடவையும் அதையேதான் சொன்னே."

"அதுதான் இருந்துச்சு. சந்தேகம்னா கண்ணாடிய மாட்டிக்கிட்டு நீயே பாரு, கிழவா."

மாட்ட மாட்டான். கண்ணாடி போட்டால் பீர் சங்கத்துக்காரர்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்களாம். வால்திவியா ஊரிலேயே அப்படி நினைக்காத ஒரே ஆள் இவன்தான். போன வருடப் போட்டியில் வாங்கிய மூன்றாம் பரிசுத் தட்டைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறான். கலந்துகொண்டதே நாலு பேர். த்தூ.

தகரக் கூரையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகையும், வறுத்த தானியத்தின் மணமும் கொட்டகைக்குள் தேங்கி நிற்க, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, எங்கோ பழகியதாக, குழலிலிருந்து எழுந்து வந்தது. மிர்த்தா குனிந்து முகர்ந்தாள். அவனுடைய தலையணை வாசனை.

நிமிர்ந்தபோது அவன் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, தானியத்தை வெறுங்கையால் நிரவிக்கொண்டிருந்தான். வெப்பமானி எழுபத்தாறு டிகிரி காட்டியது.

"அடப்பாவி, சுடலியா?"

"இதமா இருக்கு."

கை சிவக்காமல் வெளியே வந்தது. வெளுத்திருந்தது. தோல் தொளதொளத்தது.

நாலாவது குவளைக்கு எழுபது. அவள் சொன்னதும் ஓஸ்வால்டோ குதித்தான். "முதல் பரிசு நமக்குத்தான்டி! சங்கத்துல அந்த ஹெர்மான் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்." மறுபடி கையை உள்ளே விடும்போதே கல்யாண மோதிரம் தானாகக் கழன்று தரையில் உருண்டது. அவன் கவனிக்கவில்லை. சட்டைக்குள் தோள் இல்லாதது போல் துணி தொங்கியது.

அவள் மோதிரத்தைப் பொறுக்கி எடுத்தாள். வீம்புக்காரன், தற்பெருமைக்காரன், எல்லாம் சரி. முப்பத்துநாலு வருடம் இவனைக் கட்டி மேய்த்துவிட்டு, இப்போது ஒரு தொட்டிக்குத் தாரை வார்க்க அவளுக்கு மனமில்லை.

ஐந்தாவது குவளை. எண்பத்தொன்று.

"பத்துக்கு இறங்கிடுச்சு," என்றாள். பத்துக்கு வந்துவிட்டால் எந்த மடையனும் நிறுத்திவிடுவான்; அதற்கு மேல் வருவது உமியின் துவர்ப்பு. "போதும், நிறுத்து."

அவன் குழாயில் விரலை நனைத்துச் சப்பினான்.

"பொய்! தேனாட்டம் இருக்கு. எனக்குப் பரிசு கிடைச்சா உனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, அந்தத் தகரத் தட்டுக்கு! கையை எடுடா, செத்துத் தொலைஞ்சிடுவே!"

அவன் ஆறாவது குவளையைக் கவிழ்த்தான்.

அவள் பாய்ந்து குழாயை மூடினாள். இறுக்கி மூடினாள். சாறு நிற்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பிடிக்குள் சட்டைக்கை மட்டும் நசுங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியது.

விட்டுவிட்டாள்.

அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. குழலைப் பார்த்தாள். நிரம்பி வழிந்தது. அளவுகோல் அசைந்தது.

எழுபது.

ஐம்பது.

வேண்டாம். இறங்காதே. இறங்கினால் அவனும் தீர்ந்துபோவான். தயவுசெய்து இறங்காதே.

முப்பது. இருபது.

பத்து.

குழாய் சொட்டி நின்றது. முதுகுக்குப் பின்னால் சரசரப்பு. தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. கனமே இல்லை.

"எவ்வளவு?"

மிர்த்தா திரும்பினாள். சட்டைக் காலர் வரை ஈர உமி. அதற்கு மேலும் உமிதான், ஓஸ்வால்டோவின் முக அளவுக்கு. வாய் இருந்த இடம் திறந்தது.

"எவ்வளவுடி?" என்று மறுபடியும் கேட்டது. கேட்கக் கேட்க உமி கொட்டியது.