பொம்மி தேர்ந்தெடுத்த மண்

பொம்மி நின்ற பிறகும் பிறாண்டும் சத்தம் நிற்கவில்லை.

சிந்துஜா குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டிய மூலையில், அவளுடைய ஆமை கழுத்தை நீட்டியபடி அசையாமல் கிடந்தது. ஆனாலும் சிமெண்டுத் தரைக்குள்ளிருந்து சர்ர்... சர்ர்... என்று இரண்டு முறை கேட்டு அடங்கியது.

எதிரொலியாக இருக்கும். மதில் ஓரம் அல்லவா.

பொம்மி சாப்பிட்டு நான்கு நாளாகிறது. பன்னிரண்டு வருடமாக அவள் கையிலிருந்தே கீரையைப் பிடுங்கித் தின்ற ஆமை. கல்யாணத்தன்று பீரோவும் கட்டிலும் ஏற்றிய வேனில், அவள் மடியில் உட்கார்ந்தே கிரிவலப் பாதையோரம் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வந்தது. "எல்லாரும் சீர்ல மிக்சி கொண்டாருவாங்க, நீ ஆமைய கொண்டாந்தே" என்று கணவன் கோபி இன்றைக்கும் கிண்டல் செய்வான். செய்யட்டும். இந்தப் புது வீட்டில் அவளுக்கென்று இருக்கும் ஒரே பழைய சொந்தம் அதுதான்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஓர் இடத்துல நிக்காம சுத்துதா? பின்னங்காலால தரையப் பிறாண்டுதா?"

"ஆமாங்க."

"பின்னங்காலுக்கு முன்னாடி, ஓட்டுக்கு உள்பக்கமா விரல வெச்சு மெதுவா அமுக்கிப் பாருங்க. கோலிகுண்டு மாதிரி தட்டுப்பட்டா முட்டைதாங்க."

தட்டுப்பட்டது. ஒன்றல்ல, வரிசையாக.

"ஆண் ஆமையே இல்லீங்களே டாக்டர்?"

"இல்லன்னாலும் போடும். பொரிக்காது, அவ்ளோதான். ஆழமா ஈர மண்ணு குடுங்க. ஆனா போட ஆரம்பிச்சிட்டா தொடாதீங்க. பாதியில தூக்கினா மீதி உள்ளயே தங்கிடும். உயிருக்கே ஆபத்து."

பெரிய பேசினில் ஈர மணல் நிரப்பி, பொம்மியை மூன்று முறை அதில் விட்டாள். மூன்று முறையும் பொம்மி விளிம்பேறிக் குதித்து அதே மூலைக்குப் போனது.

"அந்தச் சிமெண்ட உடைக்கட்டுமா?" என்று கோபியைக் கேட்டாள்.

"பௌர்ணமி கூட்டத்துல மோர் வித்துட்டிருக்கேன், உனக்குப் பிரசவ வார்டு கேக்குதா?" போனில் சிரித்தான். "உடைச்சித் தொலை. குட்டையத் தூர்த்த மனை, கீழ மண்ணு மெத்துனுதான் இருக்கும்."

கடப்பாரையால் உடைத்தாள். சித்திரை வெயிலில் பொடிமண்தான் வரும் என்று நினைத்தவளின் காலடியில் கறுப்புச் சேறு பிதுங்கியது. கை வைத்தால் சில்லிட்டது. வெகுநாள் மூடிக் கிடந்த பாசித் தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியது.

பொம்மி திரும்பி அமர்ந்து, குழியைப் பார்க்காமலேயே பின்னங்கால்களால் தோண்டியது. இடது. வலது. இடது. பொழுது சாய்ந்து, கிரிவலப் பாதையிலிருந்து "அரோகரா" அலை அலையாக வந்து மதிலில் மோதியது. கூட்டத்தின் இரைச்சலுக்குள்ளும் அந்தச் சர்ர் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

பொம்மியின் கால்கள் ஓய்ந்தன. குழி ஓயவில்லை. அதன் கால் எட்டாத ஆழத்திலும் மண் இறங்கிக்கொண்டே போனது.

முதல் முட்டை. தொப்.

இரண்டாவது. தொப்.

மூன்றாவது விழுந்தது. சத்தமில்லை.

நான்காவது. சத்தமில்லை.

சிந்துஜாவின் கைகள் ஓட்டின் மேல் போயின. நின்றன. ஐந்தாவது முட்டையின் வெள்ளை நுனி வெளியே தெரிந்தது. தூக்கினால் பொம்மி செத்துவிடும்.

"கோபி..." என்றாள். குரல் மதிலைத் தாண்டவில்லை.

போன் வெளிச்சத்தைக் குழிக்குள் இறக்கினாள்.

சேற்றின் நிறத்தில், குழந்தைக் கையளவு, விரல்களைக் குவித்து முட்டையை ஏந்திய ஓர் உள்ளங்கை.

அதன் கீழே இன்னொன்று, அதிலும் ஒரு முட்டை.

அதற்கும் கீழே, வெளிச்சம் எட்டிய வரைக்கும், காலியான கைகள்.

அடுத்த முட்டைக்காகப் பொம்மியின் வால் உயர்ந்தது.