வீட்டுக்கு ஒருத்தர் கூடுதல்

மூவாயிரம் வருஷத்தில் தங்கள் ஊர் ஒரு நாள்கூட ஆளில்லாமல் கிடந்ததில்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பீற்றல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போன டீச்சருக்கு அது வெறும் வாய்ச்சவடாலாகப் பட்டது. ஆனாலும் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்க அரசாங்கமே சீட்டுக் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? குஷியாகவே பழைய தெருவுக்குள் நுழைந்தாள். ஒரே ஒரு கவலை. போன தடவை கணக்கில் பிசகி மெமோ வாங்கியவள். இன்னொரு தடவை பிசகினால் வேலைக்கே உலை.

முதல் வீட்டில் நாலு தலை தெரிந்தது. ஐந்து என்றார்கள். அடுத்த வீட்டில் ஆறு பேர்; ஏழு என்றார்கள். தெரு நெடுக இதே கதைதான்.

சலுகைக்காகக் கூட்டுச் சேர்ந்து புளுகுகிறார்கள் என்று டீச்சருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கடைசி வீட்டில் பிடித்துக்கொண்டாள்.

"மூணு பேர்தானே இருக்கீங்க? நாலாவது யாரு, மாமியாரா?"

"மாமியாருக்கே அவங்க யாருன்னு தெரியாதுங்க," என்றாள் வீட்டுக்காரி. "நாங்க குடி வர்றதுக்கு முன்னாடியே இருக்காங்க."

"பேரு? வயசு?"

"கேட்டதில்லைங்க. மரியாதையா இருக்காதில்ல."

"நான் கேட்டுக்கறேன், தள்ளுங்க."

உள்ளறையில் பட்டப்பகலிலும் இருட்டு. ஈரமண் வாடை. கட்டில் காலி. தலையணையில் மட்டும் ஒரு குழி.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

குழி மெல்ல உப்பி நிமிர்ந்தது.

டீச்சர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். 'நாடகம்! என்னை விரட்டப் பார்க்கிறார்கள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தவள், சிவப்புப் பேனாவால் தெருவின் கூடுதல் ஆட்களையெல்லாம் ஒரேயடியாக அடித்தாள்.

வீட்டுக்காரியின் முகம் வெளிறியது. "அடிச்சிட்டீங்களே டீச்சரம்மா," என்று கிசுகிசுத்தாள். "இனி அவங்க எங்க போவாங்க?"

"எங்க வேணா போகட்டும்!"

தெருமுனை தாண்டுவதற்குள் போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

"டீச்சர், மறுசரிபார்ப்புக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். ஒரே ஆள்னு எழுதியிருக்கீங்க. இங்க நிக்க இடமில்ல. ஊர்க் கணக்கு எடுக்கறவங்களே இப்படிச் செய்யலாமா?"

"சார், வீடு பூட்டியிருக்கு. சாவி என் கையில இருக்கு."

"பூட்டா? கதவைத் திறந்து, உக்காருங்கன்னு சொன்னாங்களே..."

அவர் குரல் தழைந்தது.

"யாருன்னு கேட்டா, நீங்கதான் அனுப்பினதா சொல்றாங்க."

அவருக்குப் பின்னால், பாய்களை உதறி ஒவ்வொன்றாக விரிக்கும் சத்தம் கேட்டது.