மரகதம் கட்சி

ஜன்னலோர சீட், மூக்கு வரைக்கும் ஏற்றிக் கட்டிய துப்பட்டா, பாட்டே ஓடாத இயர்போன்... இதெல்லாம் இல்லாமல் இளவரசி பஸ் ஏறுவதில்லை. ஏறினால் யாராவது திட்டிவிடுவார்கள்.

அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். நன்றாக நடித்துவிட்டாள்! பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழி, அலையாத்திக் காடு, படகு, சேறு, நண்டு என்று ஓடுகிற 'சுரபுன்னைக் கரை' தொடரை இந்த மாவட்டத்தில் பார்க்காத வீடு கிடையாது. அதில் கதாநாயகி தாமரைக்கு வாய்த்த நாத்தனார் மரகதம். அந்த மரகதம்தான் இளவரசி. போன வாரம், தாமரை படகில் அசந்து தூங்கும்போது கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தாள். அதிலிருந்து கடலூரில் அவளால் கத்தரிக்காய்கூட நிம்மதியாக வாங்க முடியவில்லை.

அன்றைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கார்த்திகை மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சிதம்பரம் பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு அம்மா ஓடி வந்து ஏறி, இளவரசி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். பின்னாலேயே இரண்டு பையோடு அவருடைய மகன். பஸ் நகர்ந்ததும் அடித்த காற்று சும்மா இருந்ததா... துப்பட்டாவை உருவிவிட்டது.

"ஏய்... நீதான அந்தப் புள்ள தூங்கறப்ப படகுக் கயித்த அவுத்து வுட்டவ?"

பஸ் மொத்தமும் திரும்பியது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை அப்படியே நின்றது.

"அம்மா, அது நாடகம்மா. அவுங்க நடிக்கிறாங்க."

"நாடகம்னு எனக்குத் தெரியாதாடா? நடிக்கறப்பவே இப்புடின்னா நெசத்துல எப்புடி இருப்பா?"

மற்ற நாளாக இருந்தால் இளவரசி சிரித்து மழுப்பியிருப்பாள். அன்று காலையில்தான் மளிகைக் கடையில் ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசியிருந்தாள். ஆத்திரம் தீரவில்லை. மெதுவாகத் திரும்பி, மரகதத்தின் இடது புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். "யம்மாடி!" என்று அந்த அம்மா எழுந்து, டிரைவருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள இடம் தேடிப் போய்விட்டார். போகும்போதே மகனுக்கு உத்தரவு வேறு. "அறிவு, அவ பக்கத்துல ஒக்காராத. நின்னுக்கிட்டே வா!"

அவனும் நின்றுகொண்டே வந்தான். முதுநகர் தாண்டியது, சிப்காட் தாண்டியது... மழையில் நனைந்த கண்ணாடியை அவன் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் இளவரசி அவன் கண்களைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் எதையோ தேடுகிற கண்கள். தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் அப்படித்தான் இருக்கும். அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆலப்பாக்கம் வந்தபோது முன்சீட்டில் அம்மாவின் தலை ஆடத் தொடங்கியது. அவன் பூனை மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்கங்க. எங்கம்மாவுக்குத் தாமரைன்னா உயிரு."

"உங்களுக்கு?"

"நான் மரகதம் கட்சி."

அவள் முறைத்தாள். "கிண்டலா?"

"நெசமாத்தாங்க. தாமரை ஏழு மாசமா அழுவுறாங்க. நீங்க கயித்த அவுத்து வுட்டாத்தான் கதையே நவுருது." சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கலாமா? எல்லாரும் சாப்புட்டுப் போனப்பறம் மரகதம் நின்னுக்கிட்டே சாப்புடுவாங்களே... அப்ப ஒருவாட்டி வாசப்பக்கம் பாப்பாங்க, யாராச்சும் ஒக்காரச் சொல்லுவாங்களான்னு. அது டைரக்டர் சொன்னதா... நீங்களா செஞ்சதா?"

அவளாகச் செய்தது அது. டைரக்டர் கவனிக்கவில்லை, கேமராமேன் கவனிக்கவில்லை, பெற்ற அப்பாகூடக் கவனிக்கவில்லை. கழுத்தில் தொங்குகிற அட்டைப்படி, சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிற இந்த அறிவழகன் கவனித்திருக்கிறான்... ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் வெள்ளமாக நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டினால் எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் என்ன... ஷூட்டிங் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் கீழ வீதியில் காபி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல். அவள் துப்பட்டாவை ஏற்றிக் கட்டினால் அவன் இறக்கிவிடச் சொல்வான். "எவன் திட்டுறான்னு பாத்துடலாம்." திட்டு வந்தால் முதலில் அவன்தான் அவள் பின்னால் ஒளிவான்! மாசி பிறக்கும்போது இளவரசிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இவன் இல்லாமல் முடியாது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவன் முதலில் சொல்லட்டுமே என்று இருந்தாள்.

அவன் சொன்னான்... அவளிடம் அல்ல, அம்மாவிடம். ராமாமிர்தம் அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "கயித்த அவுத்து வுட்டவள எங்கூட்டு மருமவளா கொண்டாரப் போறியா? தெருவே சிரிக்கும். நல்லவளா ஒரு வேஷம் கட்டச் சொல்லு, நானே தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி பொண்ணு கேக்குறேன்."

அந்த மடையன் அதை அப்படியே கொண்டு வந்து கடற்கரையில் அவளிடம் ஒப்பித்தான்.

"கேட்டுப் பாக்கலாமேன்னுதான்... கடைசியில மரகதம் திருந்துற மாதிரி டைரக்டர்கிட்ட சொன்னா..."

இளவரசி சுண்டல் பொட்டலத்தை மணலில் வைத்தாள்.

"நல்லா நடிக்கிறதுதான் என் தப்பா? நீங்க மரகதம் கட்சின்னு நெனச்சேன்."

"இளவரசி, நான் சொல்ல வந்தது..."

"போங்க. ஒங்கம்மாவுக்கு ஏத்த மாதிரி, நல்லா அழத் தெரிஞ்ச பொண்ணாப் பாத்துக் கட்டிக்கங்க."

ஒரு மாதம் அவள் அவன் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எடுத்தால் இறங்கிப் போக வேண்டியிருக்கும். டைரக்டரிடம் போய் வேஷத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். அது மட்டும் முடியாது. அவனை இழந்தால்கூட முடியாது... என்று நினைத்துக்கொண்டே போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

அந்தச் சமயம் பார்த்து மரகதத்தின் கதையை முடித்துவிடச் சேனல் சொல்லிவிட்டது. திருந்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. முறைத்த முறைப்போடேயே வெள்ளத்தில் போனாள். காடே அதிர்கிற மாதிரி அவள் கத்திய கத்தலுக்கு யூனிட் மொத்தமும் கை தட்டியது. இளவரசி மட்டும் வேனில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது ஒளிபரப்பான மறுநாள் காலை. புதுப்பாளையத்தில் அவள் வீட்டுக் கதவை யாரோ இடி இடியென்று இடித்தார்கள். அப்பா கண்ணாயிரம் போய்த் திறந்தார். ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குப் பாத்திரத்தோடு ராமாமிர்தம் அம்மாள்! பின்னால் வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அறிவழகன்.

அந்த அம்மா நேராக உள்ளே வந்து இளவரசியின் கன்னத்தை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்க?"

"நல்லாத்தாங்க இருக்கேன். என்னா ஆச்சு?"

"நேத்து ஒன்ன தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சுல்ல... டிவிய நிறுத்திட்டேன். அடுப்பு பத்த வெக்கல. காலையில எழுந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன். ஊத்திக்கிட்டப்பறம்தான் எனக்கே பகீர்னுச்சு." தலையில் சுற்றிய துண்டைத் தொட்டுப் பார்த்தார். "சாவு சேதி கேட்டுத் தலைக்கு ஊத்திக்கிறது சொந்தத்துக்குத்தான? ஒனக்கு எதுக்கு ஊத்திக்கிட்டேன்? அப்ப... நீ எனக்கு என்னா வேணும்? உசுரோட இருக்கற புள்ளைக்குப் போயி இப்புடிப் பண்ணிட்டேனேன்னு ஓடியாந்தேன். கோவிச்சுக்காத கண்ணு. நேத்து மத்தியானம் வெச்ச மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன். ஒக்காந்து சாப்புடு."

இளவரசி அந்த அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கட் சொல்லவும் ஆள் இல்லை.

அப்பாவும் அந்த அம்மாவும் உள்ளே பேச உட்கார்ந்ததும் அவள் வாசலுக்கு வந்தாள். அறிவழகன் இன்னும் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான் பாவி...

"எனக்கு அடுத்த சீரியல் வந்திருக்கு," என்றாள் விறைப்பாக. "அதுலயும் வில்லிதான். புருஷனுக்கே வெஷம் வெக்கிறேன். சம்மதமா?"

"சம்மதம்."

"அம்மாவக் கேக்க வேணாமா?"

"கேக்க மாட்டேன். ஒங்க வேலைய மாத்தச் சொல்ல எனக்கு என்னா உரிமை இருக்கு? அன்னைக்கு அத ஒங்ககிட்டக் கொண்டாந்ததே தப்பு. அம்மா இன்னிக்கு வரலன்னாலும் நான் வந்திருப்பேன், இளவரசி. எனக்கு நீங்கதான்."

உள்ளேயிருந்து ராமாமிர்தம் அம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "வெஷம் வெச்சா வெச்சுட்டுப் போறா! ஆனா பாதியில சாவுற வேஷம்னா நான் ஒத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"

அதற்கு மேல் இளவரசியால் விறைப்பாக நிற்க முடியவில்லை.

"அறிவு... எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. போன எடுக்காதது கோவத்துல இல்ல. ஒங்க கொரலக் கேட்டா அழுதுடுவேன்னு பயம்."

"இப்ப அழுவுறீங்களே?"

"இது நடிப்பு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவன் நம்பவில்லை.